பாடினால் ஆறும் பெட்டி

செபமாலையம்மாளுக்குக் கண் இருந்தது புறங்கையில். ஆனைக்கரையில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் பதினேழு வருஷமாக அவளுடைய வேலை அதுதான். பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கதவை மூடி, அடியில் விறகு போட்டு, சூட்டை ஒரே மட்டத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். சூடு குறைந்தால் காய் கறுத்துப் பூஞ்சை கட்டும். கூடினால் வெடித்து வெளிறிப் போகும். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கத்தான் செய்தது. முதலாளி அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "செபமாலை, கைய வச்சுப் பாரும்மா" என்பார். அவள் கதவை ஒரு சாண் திறந்து புறங்கையை உள்ளே நீட்டி, கண்ணை மூடி, "அம்பத்திரெண்டு" என்பாள். அப்புறம்தான் யாராவது எட்டித் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள், அது சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள.

பகலெல்லாம் சூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருத்தர் அதே மல்லுக்கட்டில் இருந்தார். அவள் புருஷன் சுவக்கீன். பஜாரில் மிக்ஸியும் மோட்டாரும் ரிப்பேர் பார்க்கிறவர். கடை சாத்தியபின் இரண்டு வருஷமாக ஒரே ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பைத்தியம் பிடித்த கதை இப்படி. ஒருநாள் பக்கத்து எஸ்டேட் பங்களாவுக்கு வயரிங் பார்க்கப் போனார். அங்கே குடியிருந்த வயசான டாக்டர், வேலை முடிந்ததும் உட்காரச் சொல்லி ஒரு பாட்டுப் போட்டார். சுவக்கீன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாட ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அந்தப் பொம்பள நாக்க நனச்சுக்கிட்டா, செபமால. அது எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துல நின்ன மாதிரி."

"அதுக்கென்ன இப்ப?"

"அது கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயராம். கடையில வாங்கினா நம்மளுக்கு எட்டாது. கட்டிப்புடலாம்."

கிளாஸ் ஏ என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார். சாதாரண ஆம்ப்ளிஃபயரில் இரண்டு டிரான்சிஸ்டர் ஷிப்டு மாற்றி வேலை செய்யும். ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றது சுமக்கும். கை மாறுகிற இடத்தில் சத்தம் கண்ணுக்குத் தெரியாத மயிரளவு பிசிறும். இதில் யாருக்கும் ஓய்வு கிடையாது. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இவ்வளவு சுத்தம், அதனால்தான் இவ்வளவு சூடு.

"அப்ப சும்மா கெடக்கும்போது?"

"சும்மா கெடக்கும்போதுதான் சூடு ஜாஸ்தி. பாடுச்சுன்னா அதுல கொஞ்சம் ஸ்பீக்கருக்குப் போயிரும். லேசா ஆறும்."

"எங்க மதினி மாதிரி" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

கம்பத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து, செத்துப்போன இன்வெர்ட்டர்களின் அலுமினியத் தகடுகளை வாங்கி வந்தார். சீப்புப் பல்லைப்போல வரிசையாகச் சிறகு நிற்கிற கனத்த தகடுகள். டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. முதல்முறை இருபது நிமிஷம் பாடியது. பிறகு குரல் சளி பிடித்தமாதிரி கரகரத்து, கருகல் வாடை வந்து, அடங்கிவிட்டது. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர் கூடுதல் கரண்டை இழுக்கிறது, இழுக்க இழுக்கச் சூடு ஏறுகிறது என்றார். இரண்டாம்முறை ஒரு சின்ன ஃபேனை வைத்தார். எரியவில்லை. ஆனால் அந்த ஃபேனின் 'உர்ர்' சத்தத்துக்குள் நாக்கு நனைகிற சத்தத்தை எங்கே போய்த் தேடுவது? மூன்று நாள் பெட்டியைத் தொடாமல் கடைக்குப் போய் வந்தார்.

ஜூலையில் ஒருநாள் ஸ்டோரில் காய் வரத்து இல்லாமல் செபமாலையம்மாள் மத்தியானமே திரும்பிவிட்டாள். வாசல் வழியே வந்த மஞ்சு, மலையின் பனிமூட்டம், முன்னறையைக் கடந்து அடுக்களை வழியே மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. வீடு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. மேஜைமேல் ஆம்ப்ளிஃபயர் ஃபேன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சூடு பார்க்கிற மீட்டரும் கையுமாகப் பக்கத்தில் காவல். அந்தப் பெட்டிக்கு மேலே மட்டும் மஞ்சு இல்லை. ஒரு கூடை அகலத்துக்குக் காற்று தெளிந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கே தெரியாமல் கை நீண்டது. சிறகின் மேலே, நடுவே, அடியில் என்று புறங்கையை நகர்த்தினாள்.

"இத ஏன் படுக்கப் போட்டிருக்கீங்க?"

"எத?"

"இந்தத் தகட்ட. சிறகு குறுக்குவாட்டுல இருக்கு, அடியில மேச ஒட்டிக்கெடக்கு. சூட்டுக்கு மேல போகணும். நீங்க போக விடல. ஸ்டோர்ல அடித்துவாரத்த அடச்சுப் பாருங்க, மேத்தட்டு கருகும், கீத்தட்டு அழுகும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் தகடுகளைக் கழற்றிச் சிறகுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி பெட்டியின் இரு பக்கச் சுவராகவே திருப்பினார்கள். அடித்தகட்டில் அவர் வரிசையாகத் துளை போட்டார். அவள் கொல்லையிலிருந்து நான்கு அரைச் செங்கல்லைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து பெட்டியை அதன்மேல் தூக்கி வைத்தாள். டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்காத் துண்டு வைத்து வெள்ளைப் பசை தடவியபோது அவர் அப்பிவிட்டதைப் பார்த்து, "வெண்ணெயா தடவுறீங்க? மெல்லிசா" என்றாள்.

மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. அவள் புறங்கையை வைத்தாள்.

"அம்பத்திரெண்டு."

மீட்டரும் ஐம்பத்திரண்டில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. பெட்டியோடு சேர்த்திருந்த ரேடியோவில், மலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்தின் அறிவிப்பாளர் செய்தி படித்து முடித்தார். ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்துக்குள் காகிதம் ஒன்று புரண்டது. பிறகு அந்த மனிதர் மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டார். செபமாலையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யாரோ அந்நிய ஆள் வீட்டுக்குள் நிற்பதுபோல வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் ஸ்டோரின் புகைக்குழாய் நடுவில் முறிந்து விழுந்தது. அதை ஒட்டவைக்கிற வெல்டிங்காரர் குமுளியிலிருந்து வரவேண்டும், வழியிலோ மண்ணிடிச்சல். முதலாளி ஸ்டோரைப் பூட்டினார். பெரிய தோட்டக்காரர்கள் அவரவர் டிரையரில் போட்டுக்கொண்டார்கள். வெளியாள் காய்க்கு அங்கே இடமில்லை.

மறுநாள் காலையில், எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடியிருக்கிற மாரித்தாய் வந்து நின்றாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் ஒரு தூக்குக் கூடை. கூடையில் இரண்டு கிலோ பச்சை ஏலக்காய்.

"அக்கா, லயத்துக்குப் பின்னால பதினாலு செடி வச்சேன்ல. மூணு வருசம் கழிச்சு மொதக் காயி. நேத்தே பறிச்சுட்டேன். இன்னைக்குப் போச்சுன்னா எல்லாம் போச்சு. அடுப்புமேல காயப்போடட்டுமா?"

"அடுப்புல போட்டா புகை ஏறிரும் தாயி. யாரும் தொடமாட்டாங்க."

சொல்லிக்கொண்டே செபமாலையம்மாள் திரும்பி முன்னறையைப் பார்த்தாள். சுவக்கீன் அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அது ஆம்ப்ளிஃபயர். அடுப்பில்ல."

"அம்பத்திரெண்டு டிகிரி. ரெண்டு வருசமா இதத்தான் கட்டினீங்கன்னு உங்களுக்கே தெரியல."

மாரித்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஈரச் சாக்கோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் சுவக்கீன் இளகினார் என்று செபமாலையம்மாள் பின்னாளில் சொல்லுவாள்.

டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றை அடியும் மேலும் திறந்து, ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிக் கூண்டுபோல நிறுத்தினார்கள். ஒரு சாண் உயரத்தில் கம்பிவலைத் தட்டு. அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பச்சைக் காய். மேல்வாயைப் பாதி மூடினாள். அப்போதுதான் காய்க்குச் சூடு நிற்கும். ஆனால் மூடினால் சிறகுகளும் அறுபதுக்குப் போயின. அவர் வேர்த்துப்போய், உள்ளே ஒரு சின்னத் திருகை மயிரிழை திருப்பிக் கரண்டைக் குறைத்தார். அவள் மூடியை விரற்கடை நகர்த்தினாள். இருவரும் மாறி மாறி, ஒருவர் திருப்ப ஒருவர் நகர்த்த, மத்தியானத்துக்குள் அந்தப் பெட்டி ஒரு நிலைக்கு வந்தது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. நெல்லுக்குப் பூச்சி மருந்து சொன்னது, மழை சொன்னது, மறுபடி பாடியது.

சாயங்காலம் வாசனை கிளம்பிற்று. ஸ்டோரில் அவள் பதினேழு வருஷமாக முகர்ந்த வாசனைதான். அங்கே அது வேலையின் வாசனை, விறகுப் புகையும் வியர்வையும் கலந்தது. இங்கே புகையில்லாமல் தனியாக வந்தது. ஒரு வயலின் இழுத்தபோது வாசனையும் கூடவே நீண்டதுபோல இருந்தது. எது காதில் விழுகிறது, எது மூக்கில் ஏறுகிறது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு வெள்ளைச் சுவராக நின்றது. உலகத்தில் அந்த ஓர் அறை மட்டும் மிச்சமிருந்தது போலவும், அதற்குள் ஈரத்துக்கு அனுமதி இல்லை போலவும் இருந்தது. அன்று ராத்திரி முறைவைத்து விழித்திருந்தார்கள்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு ரேடியோ நின்றுபோனது. அங்கேயும் மழை போலிருக்கிறது. வெறும் இரைச்சல் வந்தது. சுவக்கீன் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் செபமாலையம்மாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து கையை நீட்டினாள்.

"ஏறுது. ரெண்டு டிகிரி ஏறிருச்சு."

"பாட்டு இல்லல்ல, அதான்."

அப்போதுதான் மாரித்தாய் காயைப் பார்க்க வந்திருந்தாள். சுவக்கீன் பரணிலிருந்து, கோயில் திருநாளுக்கு ரிப்பேருக்கு வந்த மைக்கை எடுத்தார். அதே அறையில் வைத்தால் ஸ்பீக்கரோடு சேர்ந்து கூவும் என்று வயரை நீட்டி அடுக்களைக்குக் கொண்டுபோய் மாரித்தாய் கையில் கொடுத்தார்.

"என்னண்ணே இது?"

"பேசு. எதையாவது பேசு. நிறுத்தாத."

"எனக்கென்ன பேசத் தெரியும்?" என்றாள் அவள். அந்தக் குரல் முன்னறையில் எழுந்து நின்றது. தொண்டையின் ஈரமும், வெற்றிலை மென்ற பல்லும், கேள்விக்கு முன்னால் வாங்கிய அரை மூச்சும் அப்படியே. அவள் மைக்கைக் கீழே போடப் பார்த்தாள். "அது நானா?"

"நீதான். செடி வச்ச கதையச் சொல்லு."

அவள் சொன்னாள். எஸ்டேட்டில் பிடுங்கி எறிந்த கன்றுகளைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது. முதல் வருஷம் பன்றி ஆறு செடியைக் கிண்டிப்போட்டது. வெயிலில் பக்கெட்டில் தண்ணீர் சுமந்தது, அடுத்த வீட்டுக்காரி சிரித்தது. முதல் பூவை யாருக்கும் காட்டாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நடுவில் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். எஸ்டேட்டில் இருபத்தைந்து வருஷம் கூடையோடு போய்வந்த ஒருத்தியின் குரல் இத்தனை கனமும் இத்தனை மெதுவுமாக இருக்கும் என்று முன்னறையில் நின்ற இருவருக்கும் அன்றுவரை தெரியாது. சுவக்கீன் ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மீட்டரைப் பார்க்க மறந்தார்.

அவள் பேசியதால் சூடு எவ்வளவு இறங்கியது என்று கேட்டால், அரை டிகிரி இருக்கலாம் என்று அவர் நேர்மையாகச் சொல்லுவார். மீதியை இறக்கியது செபமாலையம்மாள் மூடிக்கடியில் செருகிய தீப்பெட்டிதான். ஆனால் அதை அன்றைக்கு யாரும் மாரித்தாயிடம் சொல்லவில்லை. அவள் ஒன்றரை மணி நேரம் பேசினாள்.

அன்று சாயங்காலம் தட்டை இறக்கினார்கள். காய் சுருங்கி, சொன்ன பேச்சுக் கேட்ட பிள்ளைபோலப் பச்சை மாறாமல் கிடந்தது. மாரித்தாய் ஒன்றை எடுத்துக் காதருகில் குலுக்கினாள். உள்ளே விதை கலகலத்தது. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு பிடிக் காயை மேஜையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

"இனி அணச்சுரலாமா?" என்று சுவக்கீன் கேட்டார். முப்பது மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய பெட்டி. அணைத்துத் திறந்து, பசை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது.

செபமாலையம்மாள் அட்டைப்பெட்டியை மடித்து வைத்த இடத்திலேயே, செங்கல்லுக்குப் பக்கத்தில், கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பொழுது சாய்வதற்குள் அவள் கண்ணயர்ந்து அவர் பார்த்ததில்லை. சூடு என்றால் அவளுக்குக் காவல். கண்ணசந்தால் காய் போய்விடும். இன்று தட்டு காலி. சிறகுகளுக்கிடையே எழுந்த வெதுவெதுப்பு அவள் நெற்றி மயிரை லேசாக அசைத்துக்கொண்டிருந்தது.

ரேடியோ திரும்ப வந்துவிட்டிருந்தது. அவர் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். அணைக்கவில்லை. போர்வையை எடுத்துவந்து அவள் கால்மேல் போட்டுவிட்டு, மேஜையில் கிடந்த ஏலக்காயில் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, வாசல் கதவை மஞ்சு நுழையாதபடி ஒருக்களித்துச் சாத்தினார்.