பூட்டிக்கொண்ட அட்டை

தொற்று பரவி, படைத்தளத்து அலுவலகங்கள் பாதி மூடிக்கிடந்த ஏப்ரல் மாதம். கூட வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல் என்று சார்ஜென்ட் லோர்னா டாக்கெட்டை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை, அவள் பொறுப்பிலிருந்த படையணி வீரன் ஓஸ்வால்டோ தளத்திலிருந்து போனில் பேசினான்.

"லரேடோ ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு மூச்சு மெஷின் வெச்சிருக்காங்க சார்ஜென்ட். ஜன்னல் வழியா பார்க்க விடறாங்களாம். இப்பவே கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடுவேன்."

கணினியில் விடுப்பு அனுமதி ஏறாமல் வாசல் காவலர் எவரையும் வெளியே விடுவதில்லை. ஏற்ற வேண்டுமானால் பொறுப்பாளர் தனக்கு அரசு தந்த அட்டையைக் கணினியில் செருகித் திறக்க வேண்டும். லோர்னா வீட்டுக் கணினியில் அதுவரை அட்டையைச் செருகியதே இல்லை.

விஷயம் தெரிந்து அவள் மேலதிகாரி லெப்டினன்ட் பிரூவிட் அழைத்தார். "என் வீட்டுல கார்டு வேலை செய்யுது. நான் போட்டுடட்டுமா?"

"வேணாம் சார். அவன் என் படையணிப் பையன். நானே பார்த்துக்கறேன்."

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார்டு ரீடரின் விளக்கு எரிந்தது. கணினியோ அப்படி ஒன்றே இல்லை என்றது. மென்பொருளை இறக்கினாள், அணைத்துப் போட்டாள், மறுபடி இறக்கினாள். அட்டை தெரிந்தபோது, இணையதளம் உள்ளே விட மறுத்தது.

"லெப்டினன்ட்டையே போடச் சொல்லேன், லோர்னா," என்றான் கணவன் டூயி.

"நீ அடுப்பைப் பாரு. வாய் திறக்காதே."

மதியம் தாண்டி ஒருவழியாக ரகசிய எண்ணைக் கேட்டது. அட்டை மாற்றியபோது வைத்த புது எண் அது. அலுவலக விசைப்பலகையின் ஓரத்து எண்களில் விரல் தானாக ஓடும். இந்த மடிக்கணினியில் அந்தக் கட்டமே இல்லை. தட்டினாள், தவறு. யோசித்துத் தட்டினாள், தவறு. டூயி, "நிறுத்துடி," என்பதற்குள் மூன்றாவது முறையும் தட்டிவிட்டாள். அட்டை பூட்டிக்கொண்டது. திறந்துவிடும் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை.

லெப்டினன்ட்டை அழைத்தாள். பிள்ளைகளோடு ஏரிக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவள் அனுப்பிய தகவலைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் அனுமதி போட்டார்.

ஓஸ்வால்டோ பாதி வழியில், சான் அன்டோனியோவைத் தாண்டுமுன், சாலையோரத்தில் நிறுத்திப் பேசினான்.

"அம்மா போயிட்டாங்க, சார்ஜென்ட். நான் திரும்பி வரணுமா, இல்ல போகலாமா?"

"போப்பா. போ."

"காலையிலேருந்து நீங்க போராடினீங்கன்னு லெப்டினன்ட் சொன்னாரு. ரொம்ப நன்றி."

அந்த நன்றி அவளைச் சாப்பிட விடவில்லை.

அடக்கம் முடிந்து அவன் திரும்பியதும் லோர்னா தானே போய் நின்றாள். "லெப்டினன்ட் அன்னிக்குக் காலையிலயே போடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

ஓஸ்வால்டோ முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான். கண் மட்டுமே தெரிந்தது.

"காலையிலயா?"

"ஆமாம்."

"சரி, சார்ஜென்ட்," என்று சொல்லிவிட்டு வண்டிக்கொட்டகைப் பக்கம் நடந்தான்.

அதற்குப் பிறகு விடுப்போ, வேறெதுவோ, அவன் லெப்டினன்ட்டிடமே கேட்டான். வழியில் எதிர்ப்பட்டால் லோர்னாவுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.