இரத்தினம்மாவின் மூக்கு

கட்டுகஸ்தோட்டைச் சந்தில், அழகமுத்து வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரி குடிவந்துவிட்டாள் என்றுதான் முதலில் பேச்சு. ஜன்னலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வந்திருந்தவள் கலண்டர்ப் படத்தில் மர்மமாய்ச் சிரிக்கும் இத்தாலிக்காரி. ஐந்நூறு வருஷத்துப் பழையவள், புருவம்கூடக் கிடையாது.

மாநகரசபைக் கிளார்க் அழகமுத்து அவளைப் பார்த்துத்தான் எண்ணெய்ச் சித்திரம் பழகினார். மனைவி இரத்தினம்மா இறந்த மறுவருஷமே, எண்பத்து மூன்று இனக்கலவரத்தில், வீட்டுக்கு வைத்த தீயில் அவள் படமெல்லாம் எரிந்துவிட்டது. கண்ணை மூடினால் வந்துகொண்டிருந்த முகம் இப்போது பாதிதான் வருகிறது. முழுதாய் மறக்குமுன் வரைந்துவிட வேண்டும். அதற்குக் கை பழக வேண்டுமே.

எண்ணெய்ச் சித்திரமென்றால் எண்ணெய்தானே என்று மனுஷன் சாயத்தூளில் கலந்தது தேங்காயெண்ணெய். பக்கத்து வீட்டு நல்லம்மாவுக்கு யாரோ ஓயாமல் தலை வாரும் வாசனை வந்ததே ஒழிய, படம் காயவில்லை. காலைக் குளிரில் உறைந்து கிடப்பாள் இத்தாலிக்காரி. மத்தியானம் கொஞ்சம் வெயிலேறினால் மூக்கு வழிந்து வாய்க்கு வந்துவிடும். வேலை விட்டு வந்ததும் மறுபடி மூக்கு வைப்பார். மழைக்காலம் முழுக்க அதே மூக்கு. பிறகுதான் பெயின்ட் கடை நஸீம், வரையவா பொரிக்கவா என்று கேட்டுச் சிரித்து, இதுதான் காயும் என்று ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

புதுக் கித்தானில் இரத்தினம்மாவைத் தொடங்கினார். கை தானாக ஓடியது. புருவம் தீட்டினார், பொட்டு வைத்தார், தோடு போட்டார். தள்ளி நின்று பார்த்தால், பொட்டு வைத்த இத்தாலிக்காரி. அழித்தார், வரைந்தார், அவளே வந்தாள். கண்ணை மூடினாலும் அவளே.

கடைசியில் நல்லம்மாவைக் கூப்பிட்டார். சந்தில் யார் வீட்டு உலையில் என்ன அரிசி என்பதுவரை தெரிந்தவள்.

"தங்கச்சி, அவ மூக்கு எப்படி இருந்துச்சு? சொல்லு, மாத்திடுறேன்."

நல்லம்மா வாயைத் திறந்தாள். இரத்தினம்மா யாரோடு எதற்குச் சண்டை பிடித்தாள், பெரஹரா ஊர்வலத்துக்கு எந்தச் சேலை கட்டினாள், இரவல் உரலை எத்தனை தடவை கேட்டபின் திருப்பித் தந்தாள், எல்லாம் வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை.

"மூக்குத்தி செவப்புக் கல்லுண்ணே," என்றாள்.

மூக்குத்தி என்று ஒன்று இருந்ததே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எந்தப் பக்கம்?"

நல்லம்மா தன் மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்தாள். அழகமுத்து தூரிகையில் சிவப்பைத் தொட்டுக்கொண்டு காத்து நின்றார்.