எதிரெதிராக ஒரு வட்டம்

அத்தான் சொன்னது சுத்தப் பொய். "டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரும்மா. தனியாப் போனா போரடிக்குது, துணைக்கு வா" என்றார். மனிதர் பஸ் மெக்கானிக், எதை எவ்வளவு முறுக்கினால் நிற்கும் என்று அறிந்தவர். தங்கையும் நம்பி, கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காப்புக்காட்டு வாசலில் வந்து இறங்கினாள். பார்த்தால், அத்தானின் காரிலிருந்து அக்காவும் இறங்குகிறாள்! அவளிடமும் இதே கதையைத்தான் அளந்திருக்கிறார்.

அம்மா செத்ததிலிருந்து இரண்டு பேரும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதில்லை. அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டது அக்கா. உடம்பு மோசமானபோது தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போன். விடியற்காலையில் தங்கை அக்கா வீட்டுக்கு அலறியடித்துக்கொண்டு ஓடினால், கதவு சும்மா சாத்தியிருந்தது. தொட்டதும் திறந்துகொண்டது. வாசலுக்கு வந்து வா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அதுவும் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. "ஒரு தடவை பார்க்க விடாமப் பண்ணிட்டியே, பாவி!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரே கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது. அம்மா தன்னைக் கேட்டாளா? சின்னவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்ற ஏக்கத்தோடு கண்ணை மூடினாளா? பதில் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்க வீராப்பு விட்டால்தானே!

"எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. நீங்க போயிட்டு வாங்க, சின்னச் சுத்துதான்" என்று அத்தான் கூசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா விறுக்கென்று அறிவிப்புப் பலகைக்கு இடது பக்கம் பிரிந்த பாதையில் நடந்தாள்.

"அவகூட நான் நடக்கணுமா? வேற ஆளைப் பாருங்க" என்று தங்கை வலது பக்கம் போனாள்.

பலகையில் இவ்வளவு பெரிய வட்டம் வரைந்திருக்கிறது. வட்டத்தில் எதிரெதிராகப் போனால் நடுவில் முட்டிக்கொண்டுதானே ஆகவேண்டும்? ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவளுக்கும் அது தெரியவில்லை, இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து இறக்காத தையற்காரி அக்காவுக்கும் தெரியவில்லை. கோபம் வந்தால் மூளை கழன்றுகொள்ளும் குடும்பம் அது.

தங்கை சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் நடந்தாள். ஆனால் காட்டிடம் எத்தனை நேரம் முறைத்துக்கொண்டு போக முடியும்? ஈர இலைகள் காலடியில் மெத்தென்று அமுங்கின. மரங்களில் வழிகாட்ட மஞ்சள் பெயின்ட் பூசியிருந்தார்கள். எங்கேயோ ஒரு மரங்கொத்தி கொத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தது. மூச்சு நிதானப்பட்டபோது, சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருந்த பலகைப் பாலம் வந்தது. ஓர் ஆள் போகிற அகலம்தான், இரண்டு பக்கமும் சேறு.

பாதிப் பாலத்தில் நிமிர்ந்தால், எதிரே அக்கா. முன்தலை முழுக்க நரைத்திருந்தது. நடையில் அப்படியே அம்மா.

"வழி விடு" என்றாள் அக்கா.

"நீ விடு. நான்தான் முதல்ல ஏறினேன்."

"ஆமா, பஸ் சீட்டு பாரு, இடம் பிடிச்சு வைக்க!"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகை வந்து தொலைத்தது. "அம்மா என்னைக் கேட்டாளா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அக்கா பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கேட்டா. சின்னவ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"அப்பக்கூட எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா?"

"உன்னைக் கூப்பிட்டா அம்மா பொழைக்க மாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு பயம்டி. விடிஞ்சா சரியாயிடும்னு இருந்துட்டேன். அவ கேட்கக் கேட்க, வந்துக்கிட்டிருக்கா, பாதி வழி வந்துட்டான்னு சொன்னேன். சாகப்போறவகிட்டப் பொய் சொன்னேன். இதை எந்த வாயால உன்கிட்ட சொல்றது?"

"அம்மா நம்பினாளா?"

"நம்பினா. சிரிச்சா. கதவைத் தாழ் போடாதே, சின்னவ வந்து தட்டிக்கிட்டு நிக்கப்போறான்னா. அதுக்கப்புறம் பேசல. எனக்குத் தாழ் போட மனசு வரல. நீ வர்ற வரைக்கும் போடவே இல்ல."

தொட்டதும் திறந்த கதவு. வா என்று சொல்ல ஆளில்லை என்று இத்தனை நாளும் கறுவிக்கொண்டிருந்தாளே, அந்தக் கதவு. நியாயமாகப் பார்த்தால் அக்காவை நாலு அறை அறைந்திருக்கலாம். கோபம் போய்விடவும் இல்லை. ஆனாலும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு பேர் கால்களும் சேற்றுக்கு மேலே தொங்கின.

"போதும் எந்திரி, பொடிசு" என்று முந்தானையை நீட்டினாள் அக்கா. "இப்ப யாரு திரும்புறது?"

"நானே திரும்பித் தொலைக்கிறேன்."

வலது பக்கத்திலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அத்தான் எழுந்தேவிட்டார், முட்டி வலியை மறந்து. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்காவிடம் சொன்னாள்:

"வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன். லேட்டாகும். கதவைத் தாழ் போடாதே."