பதினோராம் நம்பர்

"இதுக்குள்ளயே டியூனர் இருக்காம்மா? தனியா செட்டாப் பெட்டி வேண்டாமே?"

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஒவ்வொரு டிவி முன்னாலும் நின்று இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைப்பெண்ணும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"இருக்கு ஆன்ட்டி. ஆன்டெனா ஒயரைப் பின்னாடி சொருகினா போதும், எல்லாச் சேனலும் வந்துடும். பெட்டியே வேண்டாம்."

"ரொம்ப நல்லது. பின்னாடி மூணு கலர் ஓட்டை இருக்கா? மஞ்சள், சிவப்பு, வெள்ளை. எங்க பெட்டியை மாட்டணும்."

கடைப்பெண் அவளைப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் அந்தக் கடையின் சீலிங் ஃபேனை ஏதோ வாங்கப் போகிறவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி வேண்டாம்னுதானே உள்ள டியூனர் வெச்ச டிவி கேட்டீங்க? அப்புறம் எதுக்கு ஆன்ட்டி பெட்டி?"

நியாயமான கேள்விதான். யாராக இருந்தாலும் கேட்பார்கள். பதில்தான் கடையில் நின்று சொல்கிற மாதிரி இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். காலேஜ் போகிற வயசிலும் வீட்டில் அவள் பாப்பாதான். ரத்தத்தில் வந்த நோய் அவளை உள்ளறைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போடுவதற்கு முன்னால், கொஞ்ச காலம் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு ரிமோட்டை நோண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தப் பெட்டியில் சேனல்களின் பெயரை மாற்ற முடியும் என்று கண்டுபிடித்தாள். விடுவாளா? சீரியல் சேனலுக்கு 'அம்மா அழும் நேரம்' என்று வைத்தாள். செய்திச் சேனலுக்கு 'அப்பா கத்துற இடம்'. விளையாட்டுக்கு 'இன்னைக்கு லீவு'. சமையல் சேனலுக்கு 'நம்ம வீட்ல கிடையாது'. நாலு பேர் உட்கார்ந்து ஓயாமல் சண்டை போடுகிற விவாதச் சேனலுக்கு 'பெரியப்பா வீடு'. அந்தப் பெயரைப் பார்த்துப் பெரியப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

உள்ளறைக்குப் போன பிறகும் அதிகாரம் அவளிடம்தான் இருந்தது. கூடத்திலிருந்து, "பாப்பா, பாட்டு எதுலடி வரும்?" என்று அம்மா குரல் கொடுப்பாள். "தூக்க மாத்திரையைப் போடும்மா!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். கடைசியில் குரல் தேய்ந்து, கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினாள், எத்தனையாவது சேனல் என்று. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவள் போனபின் யாரும் டிவி பார்க்கவில்லை. சாயங்காலம் அம்மா பெட்டியை மட்டும் போடுவாள். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பாள், சில நாள் சிரிப்பாள், அணைத்துவிடுவாள். அவ்வளவுதான்.

அதற்கும் வந்தது வினை. ஒளிபரப்புக் கோபுரத்தை மாற்றுகிறார்களாம், எல்லோரும் அவரவர் பெட்டியில் புதிதாகச் சேனல் தேடிக்கொள்ள வேண்டுமாம். திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது அந்த அறிவிப்பு. தேடினால் பட்டியல் புதிதாக எழுதப்படும். பழைய பெயர் ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் இவர்கள் தேடவில்லை. சேனல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, பெயர்கள் மட்டும் இருந்தன. பிறகு டிவிக்கே சீக்கு வந்து, திரையில் பாதி கறுத்துப் பட்டை பட்டையாக விழுந்தது. போனில் படம் எடுத்தால் பட்டைதான் வந்தது.

"ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோயேன்," என்றார் மெக்கானிக் ஒரு நாள்.

"எழுதினா அது என் எழுத்துங்க. அவ அடிச்சது அதுக்குள்ளதானே இருக்கு."

சேனல் பார்க்க இன்னொரு பெட்டி வாங்கலாம் என்றதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பெட்டி, ஒரே மாதிரி ரெண்டு ரிமோட்டு, என்றாவது மாற்றி எடுத்துவிடுவோம் என்று பயந்தாள். அதிலும் கணவரின் கையை அவள் துளியும் நம்பவில்லை. லிஃப்ட் எங்கே நின்றாலும் முதலில் ரீசெட் பட்டனை அமுக்கிப் பழகிய கை அது. மிக்ஸி முனகினால் ரீசெட், வாஷிங் மெஷின் விளக்கு சிமிட்டினால் ரீசெட். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆள் என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியின் ரிமோட்டை அவர் கண்ணில் காட்டுவதே இல்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. ஊர் உலகத்தைப் பார்க்க டிவிக்குள்ளேயே டியூனர். பாப்பாவைப் பார்க்கப் பெட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்கக் கூடாது.

இதை எப்படிச் சொல்வது? அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேராகவே சொல்லிவிட்டாள்.

"என் பொண்ணு சேனலுக்கெல்லாம் பேர் வெச்சாம்மா. அது அந்தப் பெட்டியிலதான் இருக்கு. அவ இப்ப இல்ல."

கடைப்பெண் கடைசி வரிசைக்குப் போனாள். ஒவ்வொரு டிவியாகத் திருப்பிப் பின்பக்கம் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் ஒட்டடை.

"இருக்கு ஆன்ட்டி! டியூனரும் இருக்கு, மூணு கலரும் இருக்கு. பழைய மாடல். ஓரத்துல ஒரு கீறல் விழுந்திருக்கு, பரவாயில்லையா?"

"எங்க மேல இல்லாத கீறலா?" என்றார் மெக்கானிக், ஃபேனிலிருந்து கண்ணை இறக்கி. கடைக்கு வந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவரே மாட்டினார். ஆன்டெனா ஒயரைச் சொருகினார். டிவி தானே தேடி, தானே சேனல்களைப் பிடித்து வரிசையாக வைத்தது. சீரியல் வந்தது. அதில் மருமகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"இவ இன்னும் நிறுத்தலையா?" என்றாள் அம்மா. வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்து பெட்டி. மூணு பின்னையும் நிறம் பார்த்துச் சொருகினார். அவள் ரிமோட்டை முந்தானையில் துடைத்துப் பட்டியலைத் திறந்தாள். பட்டை இல்லை, கறுப்பு இல்லை. 'அம்மா அழும் நேரம்' என்று பளிச்சென்று வந்தது. பாப்பாவே குளித்துத் தலை சீவி எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஏங்க, இப்ப படம் எடுத்தா நல்லா வரும் இல்ல?"

"எடு. போன் எங்க?"

"அடுப்படியில சார்ஜுல கிடக்கு. இந்தாங்க, இதைப் பிடிங்க. எதையும் அமுக்காதீங்க, தெரியுதா?"

"சரி தாயே."

அவள் உள்ளே போனாள். அவர் ரிமோட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இன்னைக்கு லீவு' என்பதைப் படித்துக்கொண்டிருந்தபோது திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து பெயர்களை மறைத்தது. *சிக்னல் இல்லை. மீண்டும் தேடவா? OK.*

வழக்கமாக வருகிற கட்டம்தான். வந்தால் அவள் 'பின்னால்' பட்டனை அமுக்கி விரட்டிவிடுவாள். அவருக்கு அது தெரியும். படம் எடுக்கும்போது மறைக்குமே, அதற்குள் போகட்டும் என்றுதான் நினைத்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அமுக்கின கையும் அப்படித்தான். தப்பு என்று மனசு கத்துவதற்குள் கட்டைவிரல் OK-யை அமுக்கிவிட்டது.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி சொருகினார். பெட்டி நிதானமாக விழித்துக்கொண்டு, *சேனல் எதுவும் இல்லை* என்றது.

போனும் கையுமாக அவள் வாசற்படியில் நின்றாள். திரையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"கை போயிடுச்சு," என்றார். "நான் போகலடி. கை போயிடுச்சு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் தரையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட்டில் ஊரையே மேலேயும் கீழேயும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற இந்தக் கை, பெற்ற மகளை இரண்டாம் தடவையும் பறிகொடுத்துவிட்டதே என்று நினைத்தபோது, அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அவரும் அழுதார். மகள் போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அன்றைக்கு ஆக வேண்டிய வேலைகள் இருந்தன.

வெகுநேரம் கழித்து அவர்தான் எழுந்தார். டிவியின் புது ரிமோட்டை எடுத்து எங்கெங்கோ புகுந்து தேடினார். 'பெயர் மாற்று' என்று ஒரு இடம் இருந்தது.

"இதுலயும் மாத்தலாம் போலிருக்கு," என்றார், அவளைப் பார்க்காமல். "நம்மளே அடிச்சுடலாமா?"

"அவ அடிச்ச மாதிரி ஆகுமா?"

"ஆகாது."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல என்னோடதைப் போடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அம்மா அழும் நேரம். அப்பா கத்துற இடம். இவள் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார், அவர் மறந்ததை இவள் எடுத்துக் கொடுப்பாள். 'பெரியப்பா வீடு' வந்தபோது சிரிப்பும் வந்தது. தூக்க மாத்திரையும் ஆயிற்று.

"பதினொண்ணு?"

"பதினொண்ணு... அதான், வெறுமனே பாடம் நடத்திக்கிட்டே இருப்பாரே ஒரு வாத்தியார், அது. நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்களே."

"சிரிச்சேன். என்ன பேருக்குச் சிரிச்சேன்?"

"என்னைக் கேட்டா?"

"இப்பதானே பட்டியல்ல பார்த்த?"

"நீங்களும்தான் பார்த்தீங்க. வாய் வரைக்கும் வருதுங்க, வர மாட்டேங்குது. சட்டியோ, கொட்டாவியோ... அடச்சே!"

தெரிந்த பெயர் நாக்கில் சிக்கிக்கொண்ட எரிச்சலில் அவள் எப்போதும் போலக் கழுத்தைத் திருப்பி உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாப்பா, பதினொண்ணுக்கு என்னடி பேர் வெச்ச?"

மெக்கானிக்கும் அடிப்பதை நிறுத்திவிட்டு, பதில் வரட்டும் என்று உள்ளறைப் பக்கம் திரும்பினார்.