பல்லு வெட்டுன தேதித்தாளு

வண்டிப்பெரியாருக்கு மேல ஒரு தேயிலை பாக்டரி. எழுபத்தி நாலுல அங்க மிஷின் மாட்டுற பிட்டரு சுவக்கீன்தான். ரெண்டு பல்சக்கரத்தைச் சேத்து மாட்டுனா, நடுவுல ஒரு தாளை விட்டுக் கையால சுத்திப் பாப்பான். தாளு மடிஞ்சு மட்டும் வந்தா அளவு சரி. கிழிஞ்சு வந்தா பல்லு பல்லை நெருக்குதுன்னு அர்த்தம், சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். அதுக்குன்னே வீட்டுக் காலண்டர்ல கிழிச்ச தேதித்தாளைப் பையில போட்டுக்கிட்டு வருவான். "கழிஞ்ச நாளைக்கூட விடாம வேலைக்கு இழுத்துட்டுப் போறீகளே"ன்னு பொண்டாட்டி ஞானஜோதி கேலி பண்ணுவா.

ஒரு நாள் கொழுந்து உருட்டுற ரோலர் மிஷினுக்குப் புதுச் சக்கரம். கொழுந்து வாடிக் குவிஞ்சு கெடக்கு. "இன்னும் ஆகலையாப்பா"ன்னு பாக்டரியைப் பாத்துக்குற டீமேக்கர் ரெண்டு தரம் வந்துட்டாரு. மாட்டிச் சுத்திப் பாத்துட்டுத் தாளை எடுத்தான். வரிசையா கிழிஞ்சிருந்துச்சு. 'ஓட ஓட எடங்கொடுக்கும்'னு அதைப் பையில திணிச்சுட்டு மிஷினை ஓடவிட்டுட்டான்.

நாலாம் நாள் மூணு பல்லு ஒடஞ்சு போச்சு. "எண்ணெய் காஞ்சுதான் போயிருக்கு"ன்னு டீமேக்கர் ஒரே போடா போட்டுட்டாரு. எண்ணெய் போடுறது சங்கையா. வேலை போனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணும் அந்த மனுசன். பல்லு ஏன் ஒடஞ்சுதுன்னு சுவக்கீனுக்குத் தெரியாதா என்ன? ஆனா யாருகிட்டயும் சொல்லல.

விசாரணை அன்னைக்கு ரெண்டு பேரும் எஸ்டேட்டு மேனேஜர் துரையோட ஆபீசுக்கு வெளிய நின்னாங்க.

"தம்பி, எண்ணெய் போட்டேன்னுதான் நெனைக்கேன்"னாரு சங்கையா. "ஆனா மூணு நாளா யோசிச்சு யோசிச்சு, போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. மறந்துட்டேன்னே துரைகிட்ட சொல்லிரட்டா?"

அதைத்தான் சுவக்கீனால தாங்க முடியல. செய்யாத தப்பைச் செஞ்சதா அந்த மனுசன் நம்பவே ஆரம்பிச்சுட்டாரே.

உள்ள போனதும் சுவக்கீன் பையிலருந்து அந்தத் தாளை எடுத்து துரையோட மேசையில வச்சான். பதினேழுன்னு பெருசா போட்டிருந்த தேதிக்குக் குறுக்க பல்லு வெட்டுன தடம்.

"எண்ணெய் இல்லீங்க ஐயா. நாந்தான் நெருக்கி மாட்டுனேன். அன்னைக்கே தெரியும்."

சுவக்கீனுக்கு ஒரு மாசம் வேலை கெடையாதுன்னாரு துரை. சங்கையா மேல தப்பில்லன்னு அவரை வேலைக்குப் போகச் சொல்லிட்டாரு.

"மன்னிச்சிருங்கண்ணே"ன்னான் சுவக்கீன், வெளிய வந்ததும்.

"துரைகிட்ட சொல்லாட்டியும் போகுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா."

சொல்லிட்டு சங்கையா எண்ணெய்க் கேனை எடுத்துக்கிட்டு பாக்டரிக்குள்ள அடுத்த ரோலருக்குப் போனாரு, எண்ணெய் விட்டாரு. நாலடி போனவரு திரும்பி வந்து, விட்டோமான்னு விரலை வச்சுத் தொட்டுப் பாத்தாரு. மறுபடியும் வந்து தொட்டாரு.

சுவக்கீன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்.