கவசத்தில் பட்ட அடி

மார்ச் மாத ஐஸ் ஹாக்கி அரையிறுதியில் ஜிஸ்லேனின் முகக்கவசத்தில் மோதிய ரப்பர் வட்டு, ஊரின் மறுகோடியில் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்த அவன் அப்பா ஓரெலைக் கொன்றது. ஜிஸ்லேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து கவசத்தைச் சரிசெய்துகொண்டு நின்றான். பழைய காலமாக இருந்தால் ஆள் அங்கேயே காலி என்று அரங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அபிதிபி என்னும் குளிர்ப்பிரதேசத்துச் செம்புச் சுரங்க ஊர் அது. செம்பை விட்டால் ஐஸ் ஹாக்கி, வேறு பேச்சு கிடையாது. அப்பனும் மகனும் ஆளுக்கொரு காலத்தில் ஊருக்குக் கோல்கீப்பர்கள். ஓரெல் காலத்தில் முகக்கவசமும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. வட்டு பட்டு முகம் கிழிந்தால், தையல் போட்டு அவர் திரும்பி வரும்வரை இரண்டு அணியும் ஊர்ச்சனமும் காத்துக்கிடப்பார்கள். ஜிஸ்லேனோ மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு உடம்பாலேயே பாதி கோலை அடைப்பவன். இதில் யார் பெரிய ஆள் என்று அரங்கத்துக் கேன்டீனில் வருஷக்கணக்காக வாய்ச்சண்டை. சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் அப்பன் பக்கம், இளவட்டங்கள் மகன் பக்கம்.

ஒருநாள் ஓரெலே எல்லார் முன்னாலும் வாயை விட்டார்.

"அந்த மெத்தைய மாட்டிவிட்டா எங்க வீட்டுப் பசுகூட கோல் காக்கும்டா."

ஜிஸ்லேனுக்குச் சுருக்கென்றது. "உங்க காலத்துல வட்டு கஞ்சி மாதிரி ஊர்ந்து வந்துச்சு. அதான் இன்னும் மூக்கோட இருக்கீங்க."

அன்றோடு ஓரெல் அரங்கத்துக்கு வரவில்லை. பொறாமை என்றான் மகன். ஊரும் ஆமாம் போட்டது. அவனும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

விஷயம் வேறு. அந்த வாரத்திலிருந்து மகனின் கவசத்தில் எங்கே அடி விழுந்தாலும் அப்பாவின் முகத்தில் அதே இடம் கிழிந்தது. புருவம், தாடை, உதடு. ஆட்டம் உள்ள நாட்களில் அவர் மனைவி ஃபெர்னாந்த் வானொலியில் ஆட்டத்தை வைத்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொள்வாள். அவள் தைக்கத் தைக்க அவர், பையன் கடைசி அடியை நல்லாத் தடுத்தான் என்பார். மகனிடம் மூச்சு விடக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அடக்கத்தன்று பெட்டிக்குள் கிடந்த முகத்தில் விரல் வைக்க இடமில்லை. தன் கவசத்தில் எங்கெங்கே வர்ணம் பெயர்ந்திருந்தது என்பது ஜிஸ்லேனுக்கு மனப்பாடம். அரையிறுதியில் வட்டு பட்ட அதே இடத்தில், நெற்றியில் தைக்காமல் விட்டிருந்த பிளவைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டத்தையே விட்டிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல. தெரிஞ்சா வட்டு வரும்போது நீ முகத்தைத் திருப்பிக்குவ, அதோட நீ முடிஞ்சேன்னாரு. நீ நல்லா ஆடுறேன்னு அவரே வந்து உங்கிட்ட சொல்றதா இருந்தாருடா. காயம் ஆறட்டும்னு பாத்தாரு. நீ எங்கடா ஆறவிட்ட?"

அக்டோபரில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. முதல் ஆட்டத்திலேயே ஒரு வட்டு ஜிஸ்லேனின் கவசத்தில் மோதியது. கவசத்தில் கீறல்கூட இல்லை. உள்ளே அவன் தாடை பிளந்து ரத்தம் கொட்டியது. டாக்டர் வருவதற்குள் ஃபெர்னாந்த் பார்வையாளர் வரிசையிலிருந்து தையல் பையோடு இறங்கி வந்து, அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தைக்க ஆரம்பித்தாள். இரண்டாவது தையலில் அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இவ்வளவு வலிக்கும்னு அவர் சொல்லவே இல்லையேம்மா."

அவள் கையை விடுவித்து மிச்சத்தையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் போய்க் கோலில் நின்றான். ஊரில் யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. அந்தப் பருவம் முழுக்க, வீரர்கள் பெஞ்சுக்குப் பின்னால் அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.