நெற்றிக்காசு

"ஒங் கை புண்ணாப் போச்சும்மா, தேய்ச்சது போதும் விடு!" சுடர்விழி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

முனியாயி விடவில்லை. புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நெற்றிக்காசு. பெரிய வீட்டுப் பிணங்களின் நெற்றியில் வைத்து அனுப்புவது. எரிப்பவன் கூலியாக எடுத்துக்கொள்வது. மாமனார் காலத்திலிருந்து பானைக்குள் கிடந்தவை. புருஷன் செத்தபோதுகூட அவள் அதில் கைவைக்கவில்லை. இப்போது திங்கட்கிழமைக்குள் மகளின் நர்சிங் காலேஜுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

"நம்மூர்க் கடையிலயே நம்ம காசத் தண்ணி தெளிச்சுத்தாண்டி வாங்குறான். டவுன்காரன் இத அழுக்கோட தொடுவானா?"

பழங்காசும் வெள்ளியும் வாங்கும் புதுக்கோட்டைக் கடையில், முதலாளி ரகுநாத் காசுகளைத் துணியில் பரப்பினார். பழைய காசு பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காந்தம்: ஒட்டினால் நிக்கல், தள்ளிவிடலாம். பிறகு ஆண்டு: ராணி தலை போட்டது நல்ல வெள்ளி, 1940 முதல் அடித்ததில் பாதிதான் வெள்ளி. கடைசியாக நிறம். காலம் ஏற்றிய கறுப்பு கலையாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் எடைக்கு மேல் பல மடங்கு தருவார்கள். தேய்த்துவிட்டால் உருக்கத்தான் ஆகும்.

ரகுநாத் லென்ஸை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா, கல்யாணப் பாத்திரம் மாதிரி வெளக்கிக் கொண்டாந்திருக்கே! கறுப்போட இருந்தா இந்த ஒத்தக் காசே ஒம் மக ஃபீஸக் கட்டியிருக்கும். எவன் தேய்க்கச் சொன்னான்?"

முனியாயி புண்ணான விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "ஊருதாங்க சொல்லுச்சு. நாங்க சுடுகாட்டு வேலைங்க. இது நெத்திக்காசு."

அவர் கை சட்டென்று பின்வாங்கியது. முதல் வியாபாரம் என்று சற்றுமுன்தான் அதில் ஒன்றைக் கண்ணில் ஒற்றியிருந்தார்.

"அடிப் பாவி! போணி நேரத்துல பொணத்துக் காசையா நீட்டுவே?"

குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பேனா முனையால் காசுகளை எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்குத் தள்ளினார்.

"அப்ப வேணாங்களா?"

"வேணாம்னு யாரு சொன்னா? உருக்கிட்டா வெள்ளிக்கு ஏது தீட்டு? அடுத்த வாரமே குத்துவெளக்காயிரும்."

கால்குலேட்டரைத் தட்டினார். உருக்கும் வெள்ளிக்கு உள்ள விலை வந்தது. ஃபீஸுக்குச் சரியாக இருக்கும். முனியாயி மூச்சு விடுவதற்குள் அதிலிருந்து ஒரு தொகையைக் கழித்தார்.

"அது என்னங்க?"

"தீட்டுக் கழிவு. கடைக்குப் பரிகாரம் பண்ண வேணாமா? அதுக்கு ஒங்கப்பனா குடுப்பான்?"

அவர் நோட்டுகளை மேஜைமேல் எறிந்தார். முனியாயி எடுக்கவில்லை. தட்டிலிருந்த காசுகளை அள்ளித் துணியில் போட்டாள். காலியான தராசை அவர் பக்கம் திருப்பினாள்.

"தீட்ட இதுல வைங்க மொதலாளி. எத்தன கிராம்னு பாத்துட்டுக் கழிச்சுக்கலாம்."

தராசில் சிவப்பாகச் சுழியம் எரிந்தது. கடைக்குள் நுழைந்த இரண்டு பேர் அதை எட்டிப் பார்த்தார்கள்.

ரகுநாத் கையை நீட்டித் தராசின் சுவிட்சை அணைத்தார்.